மஞ்சள் டயல், மூணு சாட்சி

போன மாசம் ஒரு சனிக்கிழமை நானும் என் நண்பனும் ஜவ்வாது மலை ஏறினோம். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியா காவலூர் வானாய்வகம். போன நேரம் மேகம் மூடிடுச்சு. வெளியே உக்காந்திருந்தப்போ அவன் போனை நீட்டினான்.

"மச்சான், நாளைக்கு காலைல இதுக்குப் பணம் போடப்போறேன். 35,000. எல்லாமே ஒரிஜினலாம்."

மஞ்சள் டயல் வச்ச சீகோ 6139 குரோனோகிராஃப். 1969-ல வந்த, உலகின் முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்கள்ல ஒண்ணு. 1973-ல ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன வில்லியம் போக் இதைக் கையில கட்டியிருந்தார். அதனாலேயே மஞ்சள் டயலுக்கு 'போக்'னு பேர். கிராக்கி இருக்கிற இடத்துல போலியும் இருக்கும். நானும் ஒரு தடவை ஏமாந்தவன்தான். பெயின்ட் அடிச்ச டயலை ஒரிஜினல்னு நம்பி வாங்கினேன்.

மலையில சிக்னல் இல்ல. கூகுள் பண்ண வழியில்ல. அவன் சேமிச்சு வச்சிருந்த படங்கள் மட்டும்தான்.

முதல்ல பின்மூடி. சீரியல் நம்பர்ல முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி எண், அடுத்தது மாசம். இதுல 64-ன்னு ஆரம்பிச்சுது. 6139 எழுபதுகளோட கடைசி வரைக்கும்தான் வந்துச்சு. அதனால இது 1976 ஏப்ரல். குழப்பமே இல்ல.

அடுத்து டயல். பெரிசாக்கிப் பார்த்தா 'வாட்டர் 70 ப்ரூஃப்'னு இருந்துச்சு. இங்கதான் இடிக்குது. 'ப்ரூஃப்'ங்கிற வார்த்தையை எழுபதுகளோட ஆரம்பத்துலயே சீகோ கைவிட்டு, 'ரெசிஸ்ட்'டுக்கு மாறிடுச்சு. 1976 பின்மூடிக்கு மேல அதுக்கும் பழைய எழுத்து எப்படி வரும்?

மூணாவது, இருட்டுல ஒளிரும் பூச்சு. முள்ளுல பழுப்பேறியிருக்கு, டயல் புள்ளிகள் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கு. ரெண்டும் ஒண்ணா வயசானதில்ல.

"ஸ்டார்ட் பட்டனை அழுத்துற வீடியோ இருக்கா?" இருந்துச்சு. செகண்ட் முள் ஓடுது, 6 மணி இடத்துல இருக்கிற 30 நிமிஷக் குட்டி டயலும் நகருது. ரீசெட் பண்ணா முள் 12-ல கொஞ்சம் தள்ளி நிக்குது. அது சர்வீஸ் பிரச்சினையா இருக்கலாம். அதை மட்டும் வச்சு போலின்னு சொல்லமாட்டேன்.

"அப்போ இது டூப்ளிகேட்டா?"

இயந்திரம் அசல் மாதிரிதான் தெரியுது. பல வாட்ச்களோட பாகங்களைச் சேர்த்துக் கட்டினது, டயலும் அநேகமா புதுசு. அப்படின்னு சொல்லியே வித்தா தப்பில்ல. 'எல்லாமே ஒரிஜினல்'னு சொல்லி விக்கிறதுதான் தப்பு.

உக்காந்திருந்த இடமே ஒரு கதையை ஞாபகப்படுத்துச்சு. 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதை, காவலூரோட 1 மீட்டர் தொலைநோக்கியில பட்டாச்சார்யா குழு பதிவு பண்ணாங்க. கிரகம் மறைக்கிறதுக்கு முன்னாடியே நட்சத்திரம் சில நொடிகள் மங்குச்சு. யுரேனஸோட ஒரு புது நிலாவா இருக்கும்னு நினைச்சாங்க. அதே ராத்திரி அமெரிக்கக் குழு ஒண்ணு விமானத்துல இருந்து பார்த்துச்சு. அவங்க பதிவுல கிரகத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் நட்சத்திரம் மங்கியிருந்துச்சு. ரெண்டு பக்க நேரமும் பொருந்தினதாலதான் அது வளையங்கள்னு தெரிஞ்சுது.

வாட்சுலயும் இதுதான் வேலை. ஒரு தடயத்தை நம்பாதீங்க. பின்மூடி, டயல், பூச்சு மூணும் தனித்தனியா ஒரே தேதியைச் சொல்லணும்.

மறுநாள் வாணியம்பாடியில சிக்னல் வந்ததும் விக்கிறவருக்கு போன் பண்ணி, டயலைப் பத்தி மட்டும் கேட்டான். மறுமுனையில கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கலாம் சார்."

பணம் போடல.

உங்க வீட்டு அலமாரியில பழைய வாட்ச் இருந்தா, பின்மூடியைப் படம் எடுத்து அனுப்புங்க. விக்க இல்ல, சேர்ந்து படிக்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.