கறுப்பு ஆண், மஞ்சள் பெண்
(ஸ்ரீரங்கத்தில் தோழர்களிடையே நிகழ்த்திய உரை)



ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவில் சாக்கடை. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குக் கொசுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். வீங்கிய காலோடு சேற்றில் இறங்கி நாற்று நட முடியுமா? மில்லில் இரவு ஷிப்டு முழுவதும் நிற்க முடியுமா? நோய் வந்தால் கூலி போவது நமக்குத்தான்.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டையிட அதற்கு ரத்தம் வேண்டும். ஆண் கொசு செடியின் சாற்றைக் குடித்து வாழும். ஆண் கொசுக்களை மலடாக்கிப் பறக்கவிட்டால், அவற்றோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது. யோசனை நல்லதுதான். ஆனால் லட்சக்கணக்கில் வளர்க்கும்போது பெண்ணை எப்படிப் பிரிப்பது? கலந்துவிட்டால் கடிக்குமே!

1969ல் உலக சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அமெரிக்கப் பணத்தில் டில்லியில் இதற்கென ஒரு நிலையம் தொடங்கின. கூட்டுப்புழுவில் ஆண் சிறியது, பெண் பெரியது. அந்த அளவை வைத்துப் பிரித்தார்கள். ஆனால் தீனி குறைந்தால் பெண்ணும் சிறுத்துப்போகும். பிரிப்பதில் பிழை வரும். டில்லியைச் சுற்றிய கிராமங்களில் மலட்டுக் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். மஞ்சள் ஜுரம் என்னும் ஆப்பிரிக்க நோய் நம் நாட்டில் இல்லை. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் மீது அமெரிக்காவுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று பத்திரிகைகள் கேட்டன. அதே கொசு டெங்குவையும் பரப்பும் என்பது உண்மை. ஆனாலும் கேட்டது நியாயமே. பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. 1975ல் நிலையம் மூடப்பட்டது.

இப்போது அளவுக்குப் பதிலாக நிறம் வந்திருக்கிறது. 2025ல் ஜெருசலத்து ஹீப்ரு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் புலிக்கொசுவுக்குக் கறுப்பு நிறம் தரும் ஜீனைக் கெடுத்தார்கள்; கொசு மஞ்சளாயிற்று. பிறகு ஆணுக்கு மட்டும் கறுப்பு திரும்பும்படி செய்தார்கள். கறுப்பு என்றால் ஆண், மஞ்சள் என்றால் பெண். பார்த்தவுடன் பிரித்துவிடலாம். அபாரமான வேலை, சந்தேகமில்லை!

ஆனால் புலிக்கொசு டெங்கு பரப்பும் இனம். டயரிலும் கொட்டாங்கச்சியிலும் தேங்கிய மழைத் தண்ணீரில் பிறப்பது. நம் சாக்கடைக் கொசு வேறு. அதற்கும் இப்படியொரு வழி கண்டு, நாளை திருச்சிக்குக் கொண்டுவந்தால் நாம் வரவேற்போம். எந்தத் தெருவில் விடுகிறார்கள், யார் பணத்தில், பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பொதுக்கூட்டம் போட்டுத் தமிழில் சொல்லச் சொல்வோம். சாக்கடைக்கு மூடி கேட்டு மனுக் கொடுப்பதையும் அதுவரை நிறுத்தப்போவதில்லை.