வளரும் மாநகரில் வழிபாட்டு நிலம்

(ஆலயத் திருவிழாவை ஒட்டி ஆற்றப்பெற்ற உரை)



ஜோகூர் பாரு 1994 ஜனவரி முதல் நாள் மாநகரத் தகுதி பெற்றது. 2006இல் இஸ்கண்டார் வளர்ச்சி வட்டாரம் உருவானது. புக்கிட் சாகாரில் சிங்கப்பூருக்கான விரைவு ரயில் நிலையம் எழுந்துள்ளது. வளர்ச்சியை வேண்டாமென்று சொல்ல நாம் இங்குக் கூடவில்லை. நம் பிள்ளைகளின் பிழைப்பும் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஆயினும், அந்த வளர்ச்சியில் பழைய வழிபாட்டுத் தலங்களுக்கு உரிய இடம் எது என்று கேட்பது நம் கடமை.

ஜாலான் உங்கு புவானில் 1911இல் தோன்றிய ராஜமாரியம்மன் ஆலயமும், ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. நகர மேம்பாட்டின் பெயரால் 1991இல் அச்சீனக் கோயிலின் முன்வாயில் இடிக்கப்பட்டது. சீன சமூகத்தார் ஒன்றுபட்டு நின்றனர். 1990களின் நடுவில் கோயிலைப் புதுப்பித்தனர். ஆண்டுதோறும் அங்கிருந்து புறப்படும் சிங்கே ஊர்வலத்துக்கு இன்று நகரமே வழிவிடுகிறது. ஒரு கட்டடத்தைக் காத்து நிற்பது அதில் நிகழும் வழிபாடே என்பதற்கு இது சான்று.

கட்டடத்தை மட்டும் காப்பது போதாது என்பதைப் பினாங்கு உணர்த்துகிறது. ஜார்ஜ் டவுனில் 2000ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. பழைய குடிகள் பலர் வெளியேறினர். 2008இல் அந்நகர் உலக மரபுடைமைத் தகுதி பெற்றது. அங்குக் கட்டட உயரத்துக்கு 18 மீட்டர் என வரம்பும் உண்டு. உயரத்தை விதியால் தடுக்கலாம். போனவர்களைத் திரும்ப அழைத்துவர எந்த விதியாலும் இயலாது. ஆகவே, கோயிலைச் சுற்றிக் குடியிருப்பும், பூக்கடையும், சுவாமி புறப்பாட்டுக்கான வீதியும் நிலைக்க வேண்டும். இவற்றைத் தீர்மானிப்பது நிலப் பயன்பாட்டு வரைபடமே.

1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம் ஆட்சேபிக்க நமக்கு உரிமை உண்டு. மண்வாரி இயந்திரம் வந்தபின் கண்ணீர் வடிப்பதைவிட, அந்நாளில் ஒரு கடிதம் கொடுப்பது மேல்.

நம் நாட்டில் நில உரிமை பதிவேட்டைப் பொறுத்தது. தோட்டத்து நிலத்தில் எழுந்த ஆலயங்கள் பல, எத்தனை தலைமுறை வழிபட்டிருந்தாலும், பதிவில் பிறர் பெயரில் இருந்தமையால் தோட்டம் கைமாறியபோது தவித்தன. எனவே நிலப்பட்டா, அளவை வரைபடம், பழைய படங்கள், திருப்பணிக் கணக்கு ஆகியவற்றைத் தொகுத்து வைத்தல் நிர்வாகக் குழுவின் முதற்பணியாகும்.

நாமும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கும்பாபிஷேகந்தோறும் பழைய தூண்களையும் சுதைகளையும் அகற்றிவிட்டுப் பளிங்கு பதித்தால், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கோரும்போது எதைக் காட்டுவோம்? பழுதை நீக்குவோம், பழமையை நீக்க வேண்டாம்.

மாநகர் ஓங்கட்டும், அதன் நடுவே ஆலய மணியும் ஒலிக்கட்டும்.