பழைய வயரில் புது அடுப்பு வேண்டாம்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுப்போன வீடுகளுக்கு உங்களில் பலர் இப்போது திரும்பி வந்திருக்கிறீர்கள். கூரை போட்டாயிற்று, கிணறு இறைத்தாயிற்று. அடுத்தது கரண்ட். "அம்மா, இனி விறகோடு மாரடிக்க வேண்டாம், கரண்ட் அடுப்பு ஒன்று வாங்குங்கோ" என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை காசும் அனுப்பியிருக்கும். வாங்குவதில் பிழையில்லை. ஆனால் அடுப்புத்தான் புதிது, சுவரில் இருக்கும் வயர் உங்கள் அப்பா காலத்தது.

அந்த நாளில் பலகைச் சட்டத்தில் அடித்த வயர்களில் பலவற்றின் உறை றப்பர். றப்பர் காலப்போக்கில் காய்ந்து நொருங்கிவிடும். பூட்டிக்கிடந்த வீட்டில் மழை ஒழுகியிருக்கும், எலி கடித்திருக்கும், கறையான் பலகையைத் தின்றிருக்கும். குமிழ் எரிகிறது என்பதற்காக வயர் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒரு குமிழ் இழுப்பது கொஞ்சக் கரண்ட்தான்.

அடுப்பின் கணக்கு வேறு. எங்கள் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற். அடுப்பில் எழுதியிருக்கும் வாற்ஸை 230ஆல் பிரித்தால் எத்தனை அம்பியர் இழுக்கும் என்று தெரியும். 1500 வாற்ஸ் ஒற்றைத்தட்டு அடுப்பு ஏறக்குறைய ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டைக்கால் பிளக்குக்கு அதுவே கூட. 2500 வாற்ஸ் இரட்டைத்தட்டு அடுப்புக்கு 11 அம்பியர். நாலு தட்டும் அவனும் சேர்ந்த பெரிய அடுப்பு 7000 வாற்ஸ் என்றால் 30 அம்பியர். ஒரு வீட்டுக்குத் தரும் சாதாரண 30 அம்பியர் இணைப்பு முழுவதையும் அந்த அடுப்பே எடுத்துவிடும்.

ஆகவே காசு கொஞ்சமாக இருந்தால் இந்த ஒழுங்கில் செலவழியுங்கள்.

முதலாவது, ஏர்த். ஆளில்லாத வீட்டில் செம்புக் கம்பி இருந்த இடத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், பார்த்து உறுதிப்படுத்துங்கள். புது ஏர்த் கம்பி நிலத்துக்குள் ஆழமாக இறங்கும். மிதிவெடி அகற்றி முடிந்தது என்று உறுதியாகத் தெரியாத காணியில் கம்பி அடிக்கவோ கிடங்கு வெட்டவோ வேண்டாம். முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ட்ரிப் சுவிற்ச். 30 மில்லி அம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சமைக்கும் ஒருவருக்கு ஷொக் அடித்தால், கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்துவது அதுதான். அதில் ஒரு சின்னச் சோதனைப் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

மூன்றாவது, வயர். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாக இழுப்பதே நல்லது. வீடு முழுக்க முடியாவிட்டால், குசினிக்கு மட்டுமாவது மெயின் போர்ட்டிலிருந்து தனி வயரும் தனி பிரேக்கரும் போடுங்கள். சின்ன அடுப்புக்கு 7/0.67 வயரும் 13 அம்பியர் பிளக்கும் போதும். பெரிய அடுப்புக்கு 7/1.04 வயரும் தனி சுவிற்ச்சும் வேண்டும். அதைப் பிளக்கில் மாட்டக் கூடாது.

அடுப்பு கடைசி.

வேலையைத் தகுதிச் சான்றிதழ் உள்ள மின்னிணைப்பாளரிடமே கொடுங்கள். முடிந்ததும் சோதித்த அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று தடித்த கம்பி சுற்ற வேண்டாம். பியூஸ் எரியாவிட்டால் சுவரில் இருக்கும் வயர் எரியும். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் அடுப்பு எரிக்க வேண்டாம். நீட்டு வயரில் அடுப்பையும் கேத்திலையும் ஒன்றாகக் கொழுவ வேண்டாம். பிளக் சுட்டால், றப்பர் கருகும் மணம் வந்தால், அடுப்புப் போடும்போது குமிழ் மங்கினால் மெயின் சுவிற்ச்சை நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள். வளவில் வயர் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல், பிள்ளைகளையும் விடாமல், மின் விநியோக சேவையின் 1987க்கு அறிவியுங்கள்.

ஒருவருக்கு ஷொக் அடித்தால் அவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். மெயின் சுவிற்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை, அறிந்திருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் அதைக் காட்டிக்கொடுங்கள்.

இத்தனை வருடம் காத்திருந்து வந்த வீடு. வயரிங் முடியும்வரை இன்னும் ஒரு மாதம் விறகில் சமைத்தாலும் ஒன்றும் குறையாது.