வீட்டுப் பெரியவர்களின் நினைவுகள்: ஓர் அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

முதுமையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நிர்வாகத்தினர் நம்மைப் பணித்தார்கள். நாமோ நாற்பதுகளில் இருக்கின்றோம். தாடியில் நரை தொடங்கிவிட்டது. ஸஜ்தாவிலிருந்து எழும்போது முழங்கால் தன் இருப்பை உணர்த்துகின்றது. ஆயினும் முதியவர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இன்னும் வரவில்லை. எனவே நடுவழியில் நிற்பவர் என்ற முறையிலேயே பேசுகின்றோம்.

நாற்பது வயதைத் திருக்குர்ஆன் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது. அந்த வயதை அடைந்த நல்லடியார் கேட்கும் துஆ ஒன்று அல்அஹ்காஃப் அத்தியாயத்தில் (46:15) இடம்பெற்றுள்ளது. தனக்கும் தன் பெற்றோருக்கும் இறைவன் செய்த அருளுக்கு நன்றி செலுத்தும் பாக்கியத்தை அவர் கேட்கின்றார். தன் சந்ததியைச் சீராக்கித் தருமாறும் வேண்டுகின்றார். ஒரே துஆவில் மூன்று தலைமுறைகள் அடங்கிவிட்டன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். பெற்றோர் பெற்ற அருளுக்கு நன்றி சொல்ல வேண்டுமெனில், அவர்கள் எதைக் கடந்து வந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தெரியாத ஒன்றுக்கு எவ்வாறு நன்றி சொல்வது?

அன்புச் சொந்தங்களே! இதை எடுத்துரைக்க நம் குடும்பத்தில் நடந்த ஒரு நிகழ்வையே சொல்ல விரும்புகின்றோம். அதில் நம்முடைய குற்றமும் கலந்துள்ளது.

நம் உம்மம்மா அவர்கள் 2003ஆம் ஆண்டு வஃபாத்தானார்கள். அவர்களின் கணவர், அதாவது நம் பாட்டனார், இளம் வயதிலேயே பினாங்குக்குச் சென்ற சபராளி. நாகப்பட்டினத்தில் ‘ராஜூலா’ கப்பல் ஏறி, அங்கே ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பினாங்கைப் பிடித்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன்பின் 1945இல் போர் முடியும் வரை கடிதமும் வரவில்லை, பணமும் வரவில்லை. கைக்குழந்தையுடன் இருந்த உம்மம்மாவுக்குக் கணவர் உயிருடன் இருக்கின்றாரா என்பதே தெரியாது. நம் கடற்கரை ஊர்களில் அன்று எத்தனையோ வீடுகளின் நிலை இதுதான்.

மத்ரஸா விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம், மஃரிபுக்குப் பின் உம்மம்மா அந்தக் காலத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். “கடுதாசி வராத வருஷத்துல...” என்றே ஒவ்வொரு முறையும் தொடங்கும். பாட்டனார் 1946இல் திரும்பியபோது, செல்லாமற்போன ஜப்பானிய நோட்டு ஒன்றை நினைவுக்காகக் கொண்டுவந்ததைச் சொல்வார்கள். வாழைமரப் படம் போட்ட அந்த நோட்டை வைத்துப் பிள்ளைகள் விளையாடியதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருநாள், “கடுதாசி வராத வருஷத்துல, பக்கத்து வீட்டு ராத்தா...” என்று அவர்கள் தொடங்கியபோது, நாம் கிதாபிலிருந்து தலையைத் தூக்காமலே, “இதைத்தான் நேத்தும் சொன்னீங்களே உம்மம்மா” என்று சொல்லிவிட்டோம். அவர்கள் கோபப்படவில்லை. “அப்படியா வாப்பா, சொல்லிட்டேனா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தஸ்பீஹை எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் பக்கத்து வீட்டு ராத்தாவைப் பற்றி அவர்கள் நேற்றுச் சொல்லவில்லை. அதன் பின்னரும் நம்மிடம் சொல்லவில்லை.

ஆண்டுகள் கடந்தன. நம் தாயாரும் மறைந்த பின், வீட்டைப் பழுது பார்க்கும்போது பரண்மேல் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. அதனுள் பாட்டனாரின் கடிதங்கள் இருந்தன. அவை அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. குர்ஆன் ஓதக் கற்றிருந்த அக்காலப் பெண்கள் பலருக்குத் தமிழ் எழுத்தை விட அரபு எழுத்தே பழக்கம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி எழுதும் அந்த முறை இன்று அருகிவிட்டது. வீட்டில் வேறு எவராலும் படிக்க இயலாமற்போக, நாமே எழுத்துக் கூட்டிப் படித்தோம். 1946ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் பாட்டனார் கேட்டிருந்தார்கள்: பக்கத்து வீட்டு ராத்தா கழற்றித் தந்த மூன்று பவுன் வளையல்களை விற்று அரிசி வாங்கியதாக எழுதியிருந்தாயே, அந்தக் கடன் தீர்ந்துவிட்டதா? தீரவில்லையெனில் நான் வந்ததும் முதல் வேலை அதுதான்.

தீர்ந்ததா, இல்லையா? பதில் சொல்ல வீட்டில் எவரும் இல்லை. நாம் கேட்க மறுத்த கதையின் முடிவு அதுவாகவே இருந்திருக்கலாம்.

கடன் என்பது எளிய விஷயமன்று. இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் முன் அவருடைய கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட வேண்டும் என்பதை அந்நிஸா அத்தியாயம் (4:11, 12) மீண்டும் மீண்டும் வலியுறுத்துகின்றது. கடன் தீர்க்கப்படும் வரை முஃமினின் ஆன்மா அதனுடன் பிணைக்கப்பட்டுள்ளது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. அதை எத்தனையோ மேடைகளில் நாம் எடுத்துச் சொல்லியிருக்கின்றோம். அன்று நம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதை நினைத்தபோது உள்ளம் நடுங்கியது.

பக்கத்து வீட்டுக் குடும்பம் ஊரை விட்டுச் சென்று நெடுங்காலமாகிவிட்டது. நம் ஜமாஅத்தின் மூத்தவர் ஒருவர்தான், யாருக்கு யார் பிள்ளை, எந்த ஊரில் சம்பந்தம் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லி வழிகாட்டினார். அந்த ராத்தாவின் பேத்தியைச் சந்தித்தோம். அவர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. வாங்க மறுத்தார்கள். சந்தேகத்துடன் எங்களை விட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிய பின்னரே ஒப்புக்கொண்டார்கள். உம்மம்மாவின் வாரிசுகள் எல்லோருமாகச் சேர்ந்து 24 கிராம் பொன்னை ஒப்படைத்தோம். முன்பே தீர்ந்த கடனாக இருந்தாலும் அதில் நமக்கு நட்டமில்லை. இன்று இரு குடும்பங்களும் நிக்காஹ், ஜனாஸா என எல்லாவற்றிலும் ஒன்று கூடுகின்றோம். உறவைப் பேணும் அளவுக்கு வம்ச வழிகளை அறிந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் திர்மிதீயில்தான் உள்ளது. அந்த மூத்தவரின் நினைவு இல்லையென்றால் இந்த உறவும் இல்லை.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. உம்மம்மா அந்தக் கடனை முன்பே அடைத்திருந்தால், கணவர் இல்லாத வறுமையிலும் அமானிதத்தைக் காத்த ஒரு பெண்ணின் சிறப்பை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வாய்ப்பை இழந்துவிட்டோம். அடைக்கவில்லையென்றால், வஃபாத்தான பின் அத்தனை ஆண்டுகள் அவர்களைக் காக்க வைத்துவிட்டோம். இரண்டில் எது என்பதை மறுமையில்தான் அறிவோம்.

சொந்தங்களே! யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் அறிவோம். அதில் முதிய தந்தை யஃகூப் (அலை) அவர்களின் நிலையைக் கவனித்ததுண்டா? ஒரே மகனின் பேச்சையே மீண்டும் மீண்டும் பேசுகின்றாரே என்று பிள்ளைகள் சலித்தார்கள் (12:85). யூசுஃபின் வாசம் வருகின்றது என்று அவர்கள் சொன்னபோது, பழைய தடுமாற்றம்தான் இது என்று அருகிலிருந்தோர் கூறினார்கள் (12:95). முடிவில் முதியவரின் நினைவே மெய்யாயிற்று. சலித்தவர்கள்தாம் தவற்றை ஒப்புக்கொண்டு, தங்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்குமாறு தந்தையிடமே வந்து நின்றார்கள். வயதான தாய் தந்தையரிடம் சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய ஒலியைக்கூட எழுப்பலாகாது (17:23) என்ற கட்டளையை, உணவும் மருந்தும் கொடுக்கும் நேரத்திற்கு மட்டும் உரியதாக எண்ணிவிட வேண்டாம். சொன்னதையே சொல்லும்போது செவிகொடுப்பதும் அதில் அடங்கும்.

நினைவு என்றும் நிலைப்பதன்று. அறிந்தபின் அறியாத நிலைக்குத் திருப்பப்படும் முதுமையை அந்நஹ்ல் அத்தியாயம் (16:70) குறிப்பிடுகின்றது. அத்தகைய தள்ளாமையிலிருந்து நபி (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடியுள்ளார்கள். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

இளைஞர்களே! மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே வாரத்தில் ஒருநாளேனும் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுப் பெரியவரின் அருகில் அமருங்கள். யாருக்கு என்ன தரவேண்டும், யாருடைய பங்கு யாரிடம் நின்றுபோயிற்று, எந்த உறவு எதனால் அறுந்தது என்று பணிவுடன் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். வீட்டில் அரபுத்தமிழ்க் கடிதங்கள் இருந்தால் எரித்துவிடாமல் பள்ளிவாசலுக்குக் கொண்டு வாருங்கள். நாம் படித்துத் தருகின்றோம்.

மூத்தோர்களே! உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய பகையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிடாதீர்கள். குலப்பெருமைக்காக ஒன்றைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆனால் கொடுக்கல் வாங்கலையும், பிறர் உங்களுக்குச் செய்த நன்மையையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். “முன்னமே சொல்லிட்டீங்க” என்று எவரேனும் தடுத்தாலும் நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தடுப்பால் நாம் இழந்ததை இன்று உங்கள் முன் சொல்லிவிட்டோம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் முன்னோர்களின் கடன்களையும் பிழைகளையும் மன்னித்தருள்வானாக! அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! நம் முதியோர்க்கு நினைவாற்றலையும் நமக்குப் பொறுமையையும் நம் பிள்ளைகளுக்கு நன்றியுணர்வையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.