பூவும் மண்ணும்

(மயிலாடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று மாலை இவ்வூருக்குள் நுழைந்தபோது ஒரு பட்டறை வாயிலில் சற்றே நின்றேன். பெரியவர் ஒருவர் கருங்கல்லின்மேல் காவிக் கரைசலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். "காவி எதற்கு ஐயா?" என்று வினவினேன். "கறுப்பின்மேல் இதுதானே கண்ணுக்குத் தெரியும்?" என்றார். நான் பேச எண்ணி வந்த பொருளை அவர் முன்னதாகவே தொடங்கிவைத்துவிட்டார்.

ஆங்கிலத்தில் 'சாஃப்ரன்' என்று ஒரு சொல் உண்டு. 'சஃபரான்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பாலில் இடும் பூவும் அதுவே. துறவியின் ஆடை நிறமும் அதுவே. கொடியின் நிறமும் அதுவே. நமக்கோ பூ வேறு, காவி வேறு, மஞ்சள் வேறு. முதலாவது செடியில் பூப்பது, இரண்டாவது நிலத்தில் தோண்டுவது, மூன்றாவது கிழங்கு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் சொல் மட்டுமா கெடுகிறது? வீட்டுப் பணமும் கெடுகிறது, பெண்களின் மனமும் புண்படுகிறது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். காவி என்பது இரும்புத் துரு கலந்த செம்மண் கல். வெயிலுக்கு வெளுக்காது, மழைக்கும் எளிதிற் கரைந்தோடாது. விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலைப் பாறைகளில் பழந்தமிழ் மாந்தர் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், காவிக்கல்லில் தோய்த்த ஆடையை உடுத்த நோன்பி ஒருவன் வருகிறான். துவராடை என்பதும் பழஞ்சொல். துவர் என்பது சுவைக்கும் பெயர், நிறத்துக்கும் பெயர். மரப்பட்டையின் துவர்ப்பே ஆடைக்குச் சாயமாகும் என்பதை அறிந்தவர் வைத்த பெயர் அது. இலங்கையிலும் பர்மாவிலும் புத்தத் துறவியர் தம் ஆடைக்குப் பலாமரத்தின் வைரத்தைக் கொதிக்கவைத்துச் சாயம் எடுத்தனர். விலையுயர்ந்த பூவை அவர்கள் நாடவில்லை. பிச்சை ஓடு ஏந்துகிறவர்க்கு அது கட்டுமா?

இங்கிருந்து சாமிதோப்பு எவ்வளவு தொலைவு? அண்மைதான். 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த வைகுண்டர், தலையில் துணி கட்டும் உரிமையும் மறுக்கப்பட்டிருந்த மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது. அப்பதியில் பறப்பது காவிக்கொடி. அம்மக்கள் காலடியில் கிடந்த மண்ணின் நிறம் அது. காவியைக் கண்டவுடன் யாரோ ஒருவர்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவோர் ஒருமுறை அங்குச் சென்று வரட்டும்.

இனிப் பூவுக்கு வருவோம். குங்குமம் என்ற சொல் வடக்கிலிருந்து வந்தது. குளிர்ந்த நிலத்துக்குரிய அச்செடி நம் மண்ணில் இயல்பாக விளைவதில்லை. விளையாத பொருளுக்கு நம்மிடம் தனிச்சொல் இல்லாமையில் இழுக்கில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்பெயரை நாம் நெற்றிப் பொடிக்குக் கொடுத்துவிட்டோம். அப்பொடியோ நம் மஞ்சள்! மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைக்கும் எந்த அம்மையும் அறிவார். 'கேசரி' என்பதும் அப்பூவின் தாதைக் குறித்த சொல்தான். நம் பந்தியில் பரிமாறும் கேசரியில் அப்பூவின் ஓர் இழையும் இராது. கடையில் வாங்கிய நிறப்பொடியே இருக்கும்.

காசுமீரத்துப் பாம்பூர் வயல்களில் ஐப்பசித் திங்களில் ஊதாநிறப் பூக்கள் மலர்கின்றன. 2020-இல் அவ்விளைச்சல் புவிசார் குறியீடு பெற்றது. உலகில் மிகப் பெரும்பங்கு விளைவது ஈரானில். ஒரு பூவில் மூன்றே சூல்முடிகள். அவற்றைக் கையால் கிள்ளி உலர்த்த வேண்டும். ஒரு கிலோ சேர்க்க ஏறத்தாழ 1,50,000 பூக்கள் வேண்டும். செடியோ மலடு, விதை தராது, கிழங்கை மாந்தர் பிரித்து நட்டால்தான் அடுத்த தலைமுறை. இத்தனை உழைப்பு இருப்பதால் விலையும் உயர்வு. விலை உயர்ந்ததால் கலப்படமும் மிகுதி. செருமனியின் நூரம்பர்க்கு நகரில் 15-ஆம் நூற்றாண்டில் இக்கலப்படம் செய்தவரை எரித்தே கொன்றனர். இன்று சோளக்கதிர்ப் பட்டிழையும் குசும்பாப் பூவும் சாயம் ஏறிச் சிமிழுக்குள் புகுகின்றன.

அச்சிமிழை நம் ஊரில் வாங்குவோர் யார்? கருவுற்ற பெண்ணின் வீட்டார். பிள்ளை சிவப்பாகப் பிறக்குமாம்! என் உடன்பிறந்தாளுக்கும் ஐந்தாம் திங்கள் முதல் நாள்தோறும் அந்தப் பாலைக் கொடுத்தார்கள். பெண் பிறந்தாள், எங்கள் அம்மையின் நிறம். தொட்டிலை எட்டிப் பார்த்த மாமியார், "இவ்வளவு பணம் போட்டும் இப்படியா?" என்றார். பிள்ளைபெற்ற களைப்பில் கிடந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

தோலின் நிறம் பெற்றோர் வழி வருவது. பாலில் மிதக்கும் பூவிழை அதை மாற்றாது. அச்சிமிழின் விலைக்குக் கீரையும் முட்டையும் வாங்கினால் தாயின் குருதி ஊறும். கருங்கல்லைத் தெரிந்தெடுத்து, அதில் தெய்வம் சமைத்து, எண்ணெய் பூசி மேலும் கறுப்பாக்கிக் கைகூப்புகிற ஊர் இது. கல்லில் நாம் போற்றும் நிறத்தைத் தொட்டிலில் கண்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

முன்பே வாங்கி வைத்துவிட்டோமே என்று ஒரு தாய் அங்கிருந்து கேட்கிறார். எறிய வேண்டா அம்மா. இரண்டு இழையை வெந்நீரில் இட்டுப் பாருங்கள். உடனே நீர் செக்கச்செவேலென்று ஆகி இழை வெளுத்தால் சாயம். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நீர் மெல்ல மஞ்சளாகி இழை சிவப்பாகவே நின்றால் நல்ல பூ. சருக்கரைப் பொங்கலில் இட்டு வீட்டார் எல்லாரும் உண்ணுங்கள். மணம் நன்றாக இருக்கும்.