நல்ல நாளும் மீன் சாப்பாடும்

(நாகப்பட்டினத்தில் ஒரு கடலுணவு ஓட்டலில், தோழர் ஒருவருடைய தாயாரின் 60-ஆவது பிறந்தநாள் விருந்தின்போது செய்த சொற்பொழிவு)



அம்மையாருக்கு 60 வயது நிறைந்ததை முன்னிட்டு, அவருடைய மகனும் மருமகளும் நம்மையெல்லாம் அழைத்து, வஞ்சிர வறுவலும், இறால் தொக்கும், நண்டுக் குழம்பும், சுறாப் புட்டும் போடச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பசித்தவர்கள் முன் நீட்டிப் பேசுவது புத்திசாலித்தனமல்ல. என்றாலும், இந்த விருந்தைப்பற்றி உறவினர்களுக்குள் கிளம்பிய ஆட்சேபணைகளைக் கேட்டபிறகு சும்மாயிருக்க நம்மால் முடியவில்லை.

ஆட்சேபணைகள் நான்கு. இன்று வெள்ளிக்கிழமை, அதிலும் புரட்டாசி மாதம், நல்ல நாளில் கவிச்சி ஆகாது என்பது ஒன்று. நட்சத்திரம் பார்க்காமல் தேதியைப் பார்த்துக் கொண்டாடுவது பிறந்தநாளாகாது என்பது இரண்டு. புருஷனை இழந்தவளுக்குக் கொண்டாட்டம் எதற்கு என்பது மூன்று. வீட்டில் அடுப்பு இருக்கும்போது ஓட்டலுக்கு ஏன் போக வேண்டும் என்பது நான்கு.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மீனே தொடாதவர் ஒருவர், "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் இந்த ஆட்சேபணையைச் சொன்னவர்கள் யார்? வாரத்தில் நாலு நாள் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர்கள்! அப்படிப்பட்டவர்கள் தங்கள் சாப்பாட்டையே "நல்ல நாளுக்கு ஆகாது" என்று சொன்னால் அதற்கு அர்த்தமென்ன? நாம் தினமும் சாப்பிடுவது இழிவானது. நம் தாயும் பாட்டியும் சமைத்துப் போட்டது இழிவானது. ஆதலால் நாமும் இழிவானவர்கள். நல்ல நாளில் மட்டும் மேலானவர்களைப்போல வேஷம் போட வேண்டும் என்பதுதானே? நம்மை யாரோ தாழ்ந்தவர்கள் என்று சொன்னால் கோபம் வருகிறது. நம் வாயாலேயே நாம் சொல்லிக்கொண்டால் அது பக்தியாகிவிடுகிறதா?

இது நம் முன்னோர் வழக்கம் என்பதும் பொய். பட்டினப்பாலையைப் பாருங்கள். இந்தக் கடற்கரையிலேயே, காவிரிப்பூம்பட்டினத்தில், ஜனங்கள் கடல் இறாலைச் சுட்டுத் தின்றதையும், வயல் ஆமையைப் புழுக்கி உண்டதையும் அது கூசாமல் சொல்லுகிறது. முழுநிலா நாளில் பரதவர்கள் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டுத் தங்கள் தெய்வத்தைக் கும்பிட்டு, உண்டும் குடித்தும் ஆடினார்கள் என்றும் சொல்லுகிறது. அவர்களுக்கு நல்ல நாள் என்றால் நன்றாகச் சாப்பிடுகிற நாள்!

சரி, சாஸ்திரம் என்கிறார்களா? வங்காளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பார்ப்பனர்களே மீன் சாப்பிடுகிறார்கள். கல்யாணத்துக்கு ஒரு பெரிய ரோகு மீனை மணப்பெண்போல அலங்கரித்து, சம்பந்தி வீட்டுக்குச் சீராக அனுப்புகிறார்கள். கொங்கணக் கரையில் சாரஸ்வதப் பார்ப்பனர்களும் மீன் சாப்பிடுகிறவர்களே. அதே மதம், அதே கடவுள்கள். ஆனால் அங்கே மங்கலச் சீர், இங்கே நல்ல நாளில் தீட்டு! தீட்டு மீனில் இருந்தால் கல்கத்தாவிலும் இருக்க வேண்டுமல்லவா? அன்றியும், விஷ்ணுவின் முதல் அவதாரமே மீன் என்கிறார்கள். மதுரை அம்மனுக்கு மீன்போன்ற கண் என்று பெயரே வைத்துக் கும்பிடுகிறார்கள். கடவுள் உடம்பாக எடுத்துக்கொண்டால் புனிதம், கடவுளின் கண்ணுக்கு உவமையானால் அழகு, நம் இலைக்கு வந்தால் மட்டும் அசிங்கமா?

மீன் விஷயத்தில் விலக்கே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. மீன்கள் இனம் பெருக வேண்டுமென்பது அதற்குக் காரணம். அது அறிவுள்ள விலக்கு. வெள்ளிக்கிழமையில் என்ன இருக்கிறது? வியாழக்கிழமை வலையில் விழுந்த மீனுக்கும் வெள்ளிக்கிழமை விழுந்த மீனுக்கும் ருசியில் வித்தியாசம் கண்டவர்கள் உண்டா? புரட்டாசி விரதத்தால் நடப்பது ஒன்றுதான். வாங்குவாரில்லாமல் விலை இறங்குகிறது. உயிரைப் பணயம் வைத்துக் கடலில் போய் வந்தவன் கையில் காசு குறைகிறது.

குருட்டுப் பயம் மீனவன் வயிற்றில் அடித்ததை இந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து, இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்குமேல் கொண்டுபோயிற்று. அதன் பிறகு, கடல் மீனைத் தின்றால் நோய் வரும் என்ற பயம் பரவி, மீன் வியாபாரம் படுத்துவிட்டது. அலையில் தப்பியவனைப் புரளி அடித்தது.

இரண்டாவது, நட்சத்திரம். சந்திரன் பூமியைச் சுற்றி மறுபடியும் அதே நட்சத்திரத்தண்டை வர 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் ஆகிறது. ஆகவே ஒருவருடைய நட்சத்திரம் வருஷத்தில் 13 தடவைக்குக் குறையாமல் வரும். நட்சத்திரந்தான் பிறந்தநாள் என்றால் 13 விருந்து போட வேண்டும்! சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் இரண்டு தடவை வந்துவிடும். அப்போது எது சரி என்று பஞ்சாங்கக்காரரைக் கேட்க வேண்டும். கேட்டால் தட்சணை கொடுக்க வேண்டும். தேதிக்கு அந்தத் தொல்லையில்லை. பூமி சூரியனை ஒரு முறை சுற்றி வந்தால் நமக்கு ஒரு வயது. சுவரில் தொங்கும் காலண்டர் போதும், தரகர் வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் கொடுமையானது. புருஷனுக்கு 60 நிறைந்தால் அறுபதாம் கல்யாணம் என்று ஊரைக் கூட்டி, மாலை மாற்றி, பக்கத்தில் மனைவியையும் உட்கார வைக்கிறார்கள். மனைவிக்கு 60 நிறைந்தால் யாராவது ஒரு மணை போட்டதுண்டா? அவளுக்கு வயதே கிடையாதா? புருஷன் போய்விட்டாலோ, அவள் எதிரே வந்தாலே அபசகுனம் என்கிறார்கள். மீனை மங்கலமாகக் கொண்டாடும் வங்காளத்திலும், புருஷன் செத்த அன்றே மேல்ஜாதிப் பெண்ணின் இலையிலிருந்து மீனை எடுத்துவிட்டார்கள். விதவை மறுமணத்துக்கு 1856-இல் சட்டம் வந்தது. ஆனால் அந்த இலைக்கு மீன் திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று. மனைவியை இழந்த ஆணின் இலையில் ஒரு முள்ளாவது குறைந்ததா? ஆகவே, இந்த விலக்கெல்லாம் மீனைப்பற்றியதல்ல, பெண்ணைப்பற்றியது என்பது விளங்கவில்லையா?

நான்காவது, ஓட்டலுக்கு ஏன் என்பது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஆண்பிள்ளை என்பதைச் சொல்லத் தேவையில்லை. மீனை ஆய்ந்து, செதில் சீவி, உப்புப் போட்டு அலசி, அம்மியில் மசாலா அரைத்து, புகையில் நின்று வறுத்துப் போடுகிறவள் யார்? நடுத்துண்டைப் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு, தலையும் வாலும் மிஞ்சினால் கடைசியில் தின்கிறவள் யார்? அவளுடைய பிறந்தநாளை வீட்டில் கொண்டாடினால், அன்றைக்கு அவளுக்கு இரட்டை வேலை என்றுதான் அர்த்தம். பிறர் சமைக்க, பிறர் பரிமாற, நடுத்துண்டு முதலில் தன் இலையில் விழ, அவள் ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டாமா?

அன்றியும், ஓட்டலில் எல்லோரும் ஒன்றாக உட்காருவதும் சும்மா கிடைத்ததல்ல. ஒரு காலத்தில் ரயில்வே நிலையச் சாப்பாட்டு விடுதிகளில்கூடப் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம் என்று இருந்தது. கிளர்ச்சி செய்த பிறகே 1941-இல் அது ஒழிந்தது. 1950-இல் வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஜாதியைச் சொல்லி ஓட்டலில் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அப்படியிருந்தும் 2018-இல், சென்னையில் ஒரு பெரிய படிப்புக்கூடத்தின் உணவு விடுதியில், சைவருக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று எழுதி ஒட்டி, ஆட்சேபம் கிளம்பிய பிறகு எடுத்தார்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்பது இன்றும் பட்டணத்தில் சாதாரணம். ஜாதியைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் குழம்பைக் கேட்கிறார்கள்; அவ்வளவுதான் வித்தியாசம். நமக்குக் கத்தரிக்காயின்மேல் விரோதமில்லை. கத்தரிக்காய் தின்கிறவன் மேல், மத்தி தின்கிறவன் கீழ் என்பதுதான் விரோதம்.

ஆகவே தோழர்களே, கடன் வாங்கி விருந்து வைக்காதீர்கள். வஞ்சிரத்துக்கு வசதியில்லையானால் நெத்திலி போதும்; சத்தில் அது குறைந்ததல்ல. மெழுகுவத்தியை ஊதி வரம் கேட்பதையும் நாகரிகம் என்று நினைக்காதீர்கள். அர்ச்சனைச் சீட்டுக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை. உங்கள் மனைவி எந்தத் தேதியில் பிறந்தாள், தாய் எந்த வருஷம் பிறந்தாள் என்று கேட்டு எழுதி வையுங்கள். தெரியாது என்றால் பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அவர்களே ஒரு நாளைச் சொல்லட்டும். அந்த நாள் வெள்ளிக்கிழமையானாலும் சரி, அமாவாசையானாலும் சரி, அவர்களுக்குப் பிடித்ததை, நாலுபேர் பார்க்க, ஒரே மேசையில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.