முதல் இலை நம் வீட்டில்

(புரட்டாசி மாதத் தொடக்கத்தில் ஆலயத் திருமண மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில், அன்னதானச் சமையற்கூடத் தொண்டர் ஒருவர் ஆற்றிய உரை)



"புரட்டாசி வருகிறது, மக்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள்" என்று நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். சமயச் சொற்பொழிவு ஆற்றும் தகுதி எனக்கு இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஆலயச் சமையற்கூடத்தில் காய் நறுக்கியும் இலையில் பரிமாறியும் வருபவள் நான். ஆகவே எனக்குத் தெரிந்த சமையலைப் பற்றியே பேசுகிறேன். வார நாட்களில் நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு எப்படி நடக்கிறது, அதை எப்படிச் சீராக்கலாம் என்பதே என் பேச்சின் பொருள்.

குளிர் நாடுகளில் இது இலையுதிர் காலம். நமக்கு அது புரட்டாசியும் ஐப்பசியும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் வீட்டில் சைவம் தொடங்குகிறது. சனிக்கிழமைதோறும் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்தில் கூட்டம் நிறைகிறது. அதற்குள் நவராத்திரியின் ஒன்பது இரவுகள். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் தீமிதி. பிறகு தீபாவளி. அது முடிந்து பலகாரப் பாத்திரம் காலியாகும் முன்பே கந்த சஷ்டி விரதம்.

இதே வாரங்களில்தான் நம் பிள்ளைகளுக்குத் தேர்வும் வருகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் எழுத்துத் தாள்கள் செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் நடைபெறுகின்றன. உயர்நிலைப் பிள்ளைகளுக்கு இறுதித் தேர்வு அக்டோபர், நவம்பர் வரை நீள்கிறது. துணைப்பாட வகுப்பு ஒருபுறம், அலுவலகத்தில் ஆண்டிறுதி வேலை மறுபுறம். இத்தனைக்கும் நடுவில் மாலை ஏழு மணிக்கு வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது யார்?

என் வீட்டில் நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைப்பதில் பயனில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று ஆலயத்தில் நல்ல கூட்டம். அலுவலகம் முடிந்து நேரே ஆலயத்திற்கு வந்து, பந்தி பந்தியாகப் பரிமாறினேன். முந்நூறு பேருக்கு மேல் சாப்பிட்டிருப்பார்கள். "வயிறு நிறைந்ததம்மா" என்று ஒரு முதியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. அந்த நிறைவோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி ஒன்பதரை.

கணவருக்கு அன்று இரவு வேலை. மகள் துணைப்பாட வகுப்பிலிருந்து வரும் வழியில் எதையோ வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். மகன் தேர்வுத் தாள்களுக்கு நடுவில் ரொட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான். என் மாமியாருக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. நீரிழிவு உள்ளவர். நான் ஏழு மணிக்கு வந்துவிடுவேன் என்று எண்ணி, சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை ஆறரைக்கே போட்டுவிட்டார். நான் போனபோது நாற்காலியில் சாய்ந்து, உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, சற்று நேரம் கழித்துச் சோறு ஊட்டிய பிறகே தெளிந்தார்.

"ஏன் அத்தை, எனக்குப் போன் போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நீ சாமி வேலையா போயிருக்கே. என் ஒரு வாய்ச் சோத்துக்காக உன்னை எப்படிம்மா கூப்பிடுறது?"

அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஊருக்கு இலை போட்ட கை, வீட்டில் ஓர் இலை போட மறந்துவிட்டது.

மறுவாரம் ஆலயச் சமையற்கூடத்தின் பொறுப்பாளரான பெரியவரிடம் சென்று, "அண்ணே, நாலு பேருக்கே என்னால் நேரத்துக்குச் சோறு போட முடியவில்லை. நீங்கள் எப்படி இத்தனை பேருக்குத் தடுமாறாமல் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, சமையல்ல நேரம் போறது அடுப்புல இல்லம்மா. இன்னிக்கு என்ன சமைக்கிறதுன்னு யோசிக்கிறதுலதான் போகுது" என்றார். பிறகு தம் சட்டைப் பையிலிருந்த சிறு குறிப்பேட்டைக் காட்டினார். அந்த வாரம் முழுவதற்கும் என்ன சமையல், எது எப்போது ஊற வேண்டும், யார் நறுக்குவது, பந்தி எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருந்தன.

அன்புடையீர், ஆலயச் சமையற்கூடத்தின் ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதில் நான்கு பழக்கங்கள் இருக்கின்றன.

முதலாவது, என்ன சமையல் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது. சனி அல்லது ஞாயிறு இரவு, குடும்பத்தோடு உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஐந்து நாள் சாப்பாட்டை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள். யார் எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுங்கள். தான் கேட்ட சாப்பாட்டைப் பிள்ளை தட்டில் மிச்சம் வைப்பதில்லை.

இரண்டாவது, ஊறவைப்பதையும் நறுக்குவதையும் சமைக்கும் நேரத்தில் செய்யாதிருப்பது. ஞாயிறு காலை தேக்கா சந்தைக்குப் போய் வந்ததும், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அரைக் கிலோ துவரம்பருப்பை ஒரே தடவையில் வேகவைத்து, ஆறியதும் மூன்று டப்பாக்களில் பிரித்து, ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் இரண்டை உறைபெட்டியிலும் வையுங்கள். இரண்டு சாம்பாருக்கும் ஒரு கூட்டுக்கும் ஆயிற்று. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் என்று மாவு அரைத்து வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் எட்டு மணி நேரத்திற்குள் பொங்கிவிடும். பிறகு குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் நாலு நாளைக்குக் கவலையில்லை. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் விட்டுச் சுண்டக் காய்ச்சிப் புட்டியில் அடைத்தால் அது உங்கள் ஆபத்துக்கு உதவும் நண்பன்.

மூன்றாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் பெயர் இருப்பது. ஆலயத்தில் நறுக்குபவர் வேறு, கிளறுபவர் வேறு, பரிமாறுபவர் வேறு. வீட்டில் மட்டும் ஏன் எல்லாம் ஒருத்தி தலையில்? முதலில் வீடு வருபவர் அரிசி களைந்து வைக்கட்டும். அது மகனாகவும் இருக்கலாம். பயற்றங்காய் நறுக்குவதற்கு ஆணென்ன, பெண்ணென்ன? என் கணவர் ஞாயிறு மாலை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே இரண்டு கிலோ காய்கறி நறுக்கிவிடுகிறார். ஆரம்பத்தில் பெரிதும் சிறிதுமாகத்தான் நறுக்கினார். நான் வாய் திறக்கவில்லை.

நான்காவது, பந்தி நேரத்தை நிறுத்தி வைத்து, மற்றதைப் பின்னோக்கிக் கணக்கிடுவது. ஏழேகாலுக்குச் சாப்பாடு என்றால் ஆறரைக்கு அரிசி அடுப்பில் இருக்க வேண்டும். அன்று எல்லாரும் வர முடியாவிட்டாலும், முதியவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நேரத்தில் தட்டு வைக்கப்பட வேண்டும். ஆலயத்தில் முதல் பந்தியில் முதியோரை அமர்த்துகிறோம் அல்லவா? அதே முறைதான்.

இந்த நான்கையும் வைத்து எங்கள் வீட்டுப் புரட்டாசி வாரம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். திங்கட்கிழமை, வெந்த பருப்பில் சாம்பார், கங்கோங் கீரைப் பிரட்டல். முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். செவ்வாய், தோசையும் தேங்காய்ச் சட்னியும். அன்றிரவே கொண்டைக்கடலையை ஊறப்போடுவோம். புதன், அதில் பாதி சாமிக்குச் சுண்டல், மீதி சப்பாத்திக்குக் கறி. வியாழன், குக்கரில் ஒரே பாத்திரமாகக் காய்கறிக் கிச்சடி, கூடத் தயிர், பொரித்த தெம்பே. வெள்ளி ஆலய நாள். புளிக்காய்ச்சலைப் பிசைந்து, பீன்ஸ் பொரியலோடு வைத்துவிட்டுத்தான் புறப்படுவேன். அத்தைக்கு மட்டும் சோற்றைக் குறைத்து, காயும் வேகவைத்த பயறும் கூடுதலாக வைப்பேன். ஆலயத்தில் கிடைக்கும் பிரசாதம் இறைவன் அருள். அதை இரவுச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு நாள் எதுவும் முடியவில்லை என்றால் சைவ உணவுக் கடையில் வாங்கி வாருங்கள். அதில் குற்றமில்லை. ஆனால் வாங்கியதையும் தட்டில் இட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆளுக்கொரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கோர் அறைக்குப் போவதுதான் வருத்தத்திற்குரியது.

முன்கூட்டிச் சமைப்பவர்கள் சில எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். வடித்த சோற்றை மேசையிலேயே மணிக்கணக்கில் விடாதீர்கள். வேகவைத்தாலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் இருக்கக்கூடும். சூடு தணிந்த சோற்றில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. ஆகவே மிச்சச் சோற்றை அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பதனப் பெட்டியில் சேர்த்துவிடுங்கள். சாம்பாரை மறுநாள் கொதி வரும்வரை சூடாக்குங்கள். ஒரு முறை சூடாக்கியதைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

இன்னொன்று. சைவம் என்ற பெயரில் தட்டு நிறையச் சோறும், ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கும் வைத்துவிடுகிறோம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014 முதல் சொல்லிவரும் தட்டுக் கணக்கு எளிமையானது. பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு தவிடு நீக்காத தானியம், கால் தட்டு பருப்பு, பயறு, தோஃபு போன்ற புரதம். நம் கூட்டும் பொரியலும் சுண்டலும் இதற்கு என்றே செய்தவை போல இருக்கின்றன. அளவை மாற்றினால் போதும்.

விரதம் இருக்கும் முதியவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்சுலின் போடுபவர்களும் சில வகை நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவர்களும் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். புரட்டாசிக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, விரதம் இருக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். பிறகு சாப்பாடு கொடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். எங்கள் வீட்டில் அன்று தெய்வாதீனமாகத் தப்பினோம். எல்லா நாளும் அப்படி அமையாது.

ஆலயத் தொண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நான் இன்றும் வெள்ளிதோறும் வருகிறேன். முன்பைவிட நிம்மதியாக வருகிறேன். வீட்டில் ஏழேகாலுக்குத் தட்டு வைக்கப்பட்டிருக்கும் என்று தெரிந்தபின், இங்கே பரிமாறும் கை தயங்குவதில்லை.

அந்த நவராத்திரிக்குப் பிறகு என் மாமியார் ஒரு வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். செவ்வாய் இரவு கடலை ஊறப்போடுவது. "நான் போட்டாத்தான் மறுநாள் சுண்டல்" என்று பேரப்பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்வார். அவர் இறைவனடி சேர்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன. குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் தாளில், செவ்வாய்க்கு எதிரே இப்போது என் மகனின் பெயர் இருக்கிறது.

அன்னதானத்துக்கு வாரி வழங்கும் பெருமக்களே, இந்தப் புரட்டாசியில் இலைகள் பல போடுங்கள். ஆனால் முதல் இலை நம் வீட்டு முதியவருக்கும் பிள்ளைக்கும் விழட்டும். அதையும் இறைவன் தன் பந்தியாகவே ஏற்றுக்கொள்வான்.